தாலிச் சரட்டில் நாலு ஊக்கு

மரக்காணத்தில் கலைமதியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. உப்பளத்தில் உப்பு வாரிய பொன்னியின் மகள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். "இவ்ளோ படிச்சிட்டு மண்ணு நோண்டவா போறே?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, நோண்டத்தான் போறேன். உனக்கு எங்க வலிக்குது?" என்றவள்.

தொல்லியல் குழுவில் அவளுக்குக் காந்தமானியை ஏந்தி நேர்கோட்டில் நடக்கும் வேலை. மண்ணுக்கடியில் பழைய சூளையோ சுட்ட செங்கல்லோ இருந்தால் அந்தக் கருவி உணரும். கம்ப்யூட்டர் அதைப் படமாக்கும். தோண்டாமலே தெரிந்துவிடும்.

உப்பளத்தை ஒட்டி, பழைய பானை ஓடுகள் சிதறிக் கிடந்த மேட்டை அவள் நடந்து முடித்தபோது திரையில் வெறும் கோடு கோடாகத்தான் வந்தது. மேட்டைச் சமன் செய்து பாத்தி போட டிராக்டரோடு காத்திருந்த உப்பள முதலாளி காசிலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

"ஒண்ணுமில்லன்னு மெஷினே சொல்லிடுச்சு. எழுதிக் குடுங்க சார்."

குழுத் தலைவர் பிரபாகரன் கலைமதியின் கழுத்தைப் பார்த்தார். "உடம்புல உலோகம் இருந்தா மெஷின் குழம்பிடும்னு சொன்னேன்ல? தாலியைக் கழட்டு. இல்லன்னா ஆம்பள யாராவது நடக்கட்டும்."

கலைமதிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "இது என் கழுத்து சார். கழட்டறதா வேணாமான்னு நான் முடிவு பண்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, தப்பு தன்னுடையதோ என்ற சந்தேகம் விடவில்லை. மேடு போனால் அந்தப் பழி அவள் தலையில்தான் விடியும்.

கருவியைத் தரையில் வைத்து, சரட்டை அதற்கு நேராக நீட்டினாள். எண்கள் துள்ளின. குனிந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். சரட்டில் நாலு ஊக்கு! முந்தானை குத்த, அவசரத்துக்கு உதவ என்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் மாட்டி வைப்பதுதான், மாட்டியதே மறந்துபோயிருந்தது. நாலையும் பிடுங்கிப் பிரபாகரன் கையில் வைத்தாள். மறுபடி தாலியை நீட்டினாள். எண்கள் அசையவில்லை.

"தங்கம் தப்பு பண்ணல சார். இரும்பை மறந்தது நான். திரும்ப நடக்கறேன்."

"டிராக்டர் நிக்குதும்மா," என்றார் காசிலிங்கம்.

"நிக்கட்டும்."

கொளுத்தும் வெயிலில் மேடு முழுவதையும் மறுபடி நடந்தாள். இம்முறை திரையில் மூன்று வட்டங்கள் கறுத்து எழுந்தன. சூளைகளேதான். மேட்டைத் தொடக் கூடாது என்று பிரபாகரன் மேலிடத்துக்குப் போன் போட்டார். காசிலிங்கம் முணுமுணுத்தபடி டிராக்டரைத் திருப்பச் சொன்னார்.

பிரபாகரன் ஊக்குகளை நீட்டினார். "இந்தாம்மா, மாட்டிக்க."

"நீங்களே வச்சிக்கங்க சார். அடுத்த மேட்டுலயும் நான்தான் நடப்பேன்."