முகூர்த்தம் முந்திய நாவல்

என் நையாண்டி நாவல் தேர்தலுக்கு முன் வெளிவந்தால் எங்கள் தொகுதி அமைச்சர் தோற்றுப்போவார் என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். அந்த நம்பிக்கையில்தான் அன்னூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, கோயமுத்தூர் அச்சகத்துக்குப் போய் நின்றேன்.

அங்கே அச்சுக் கோப்பவர் ஒருவர். மைக்கறைப் பனியன், தூங்கி நாளான கண்கள். ஒவ்வொரு ஈய எழுத்தையும் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் அடுக்குவார். என் நாவல் எட்டாம் பக்கத்திலேயே கிடந்தது. அவர் கல்யாணப் பத்திரிகை கோத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எலக்சன் வந்திருமுங்க! அப்புறம் இது ஊசிப்போயிருமுங்க!" என்று பதறினேன்.

அவர் நிமிரவில்லை. "சித்திரை முகூர்த்தம் அதுக்கு முன்னாலயே வந்திருமுங்க. எலக்சன் மறுக்கா வரும். இந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஒருக்காத்தானுங்க."

"அந்த ஆளு மறுபடி ஜெயிச்சுப்போட்டா?"

"உங்க பொஸ்தகத்துக்கு இன்னும் அஞ்சு வருசம் ஆயுசுங்க."

ஊதினார், அடுக்கினார். அது ஆறுதலா, கிண்டலா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தேன், களைப்புதான் இருந்தது. இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

கல்யாணமே இல்லாத ஆடி மாதத்தில்தான் நாவல் வந்தது. என் உதவி இல்லாமலே அமைச்சர் தோற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.