மூன்றாவது புயல்

சின்ன காஞ்சிபுரத்துப் பாச்சாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வங்கியில் காசோலை பார்க்கும் வேலை. போக வர சைக்கிள். ஆனால் ராலி பந்தயத்துக்காகச் சோதனை முறையில் கட்டி, விற்பனைக்கே வராமல் போன கார்களின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். சென்னையில் ஒரு கம்பெனி, மூடுவதற்கு முன்னால், 'புயல்' என்ற பெயரில் அப்படி மூன்று வண்டி கட்டியிருந்தது. வெளியே பார்த்தால் தெருவில் போகும் சாதாரணக் கார், விசேஷமெல்லாம் உள்ளே. ஒன்று பந்தயத்தில் எரிந்துபோனது. இன்னொன்றைப் புதுப்பேட்டையில் அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது எங்கே என்பதுதான் பாச்சாவின் பல வருஷக் கவலை.

"அவாவா காணாமப்போன மாட்டைத் தேடுவா. நீங்க யாரோ தொலைச்ச காரைத் தேடறேள்," என்பாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

தொண்ணூற்றெட்டில் ஊருக்கு பிரவுசிங் சென்டர் வந்தது. பாச்சா அங்கே உட்கார்ந்து, இதே கிறுக்குப் பிடித்த ஒரு சங்கத்தை இங்கிலாந்தில் கண்டுபிடித்தார். மூன்றாவது புயல் கிடைத்தால் தாங்களே வந்து பார்த்துச் சான்றிதழ் தருவதாக அவர்கள் எழுதினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பாச்சா டீக்கடையில் வாயைத் திறந்துவிட்டார்.

"எடை குறையறதுக்காகக் கதவுக்குள்ள வரிசையா ஓட்டை போட்டிருப்பா. அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம்."

அவ்வளவுதான். இந்த ஊரில் தலபுராணம் இல்லாத கல் கிடையாது. இப்போது கார்களுக்கும் வந்தது. முசரவாக்கத்தில் வைக்கோல் சுமந்த ஜீப் இமயமலை ஏறியதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை அழைப்பைத் தவிர வேறெதற்கும் நகராத பிளைமவுத் கார் ஒன்று பாலாற்றைத் தாவிக் குதித்ததாம். வெல்டிங் பட்டறை வாசலில் கதவும் கையுமாக ஆட்கள் காத்திருந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஊரில் ஓட்டையில்லாத பழைய காரே இல்லை.

கலியாணசுந்தரம் மட்டும் முறையாகச் செய்தார். பட்டுக்கடை முதலாளி; ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகிய வாய். தறிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த காரில் ஓட்டை போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பந்தய நம்பரும் எழுதிவிட்டுப் பாச்சாவைக் கூப்பிட்டார்.

பாச்சா கதவுக்குள் எட்டிப் பார்த்தார். "கம்பெனியில போட்ட ஓட்டைன்னா விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருக்கும். இது டிரில்லிங் மிஷின் ஓட்டை. இரும்புத் தூள் இன்னும் பளபளங்கறது."

"விளிம்ப யாரு சாமி பாக்கப் போறாங்க? ஊரே சொல்லிக்கினு இருக்குது. நீங்க ஒருத்தர் இல்லன்னா ஆயிடுமா?"

கலியாணசுந்தரம் தானே சங்கத்துக்கு எழுதிப்போட, அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கலியாணசுந்தரம் மேளம் வைத்து வரவேற்று, இலை போட்டு விருந்து வைத்து, துரையின் மனைவிக்கென்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையும் கொடுத்தார். அதற்கப்புறம்தான் கார். விளிம்பு விஷயத்தைப் பாச்சா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். துரை தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பந்தயத்துக்கு நடுவே அவசரத்தில் போட்ட ஓட்டைகளாக இருக்கும், ஆகவே இந்த வண்டி இன்னும் அபூர்வமானது என்று தீர்ப்புச் சொன்னார். சங்கத்தின் பத்திரிகையில் கலியாணசுந்தரத்தின் படம் வந்தது.

பாச்சாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கிடைச்சுடுத்துன்னு நெனச்சுண்டு நிம்மதியா இருங்கோளேன்," என்றாள் ஜெயலக்ஷ்மி.

அடுத்த வருஷம் அவரை ஏனாத்தூர் கிளைக்கு மாற்றினார்கள். அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. அம்சவேணி என்பவள் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பழைய காரில், ஒருநாள் முன்சீட்டில் இடம் கிடைத்தது. கதவின் உள்பக்க ரெக்சின் உறை கிழிந்து தொங்கியது. உள்ளே வரிசையாக ஓட்டைகள். எல்லாவற்றையும் எம்சீல் பசை வைத்து அடைத்திருந்தது. ஒன்றில் மட்டும் அது உதிர்ந்திருந்தது. பாச்சா விரலை விட்டுத் தடவினார். விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது.

"அத்த நோண்டாத சார்," என்றாள் அம்சவேணி. "எங்கப்பா ஒரு கார் கம்பெனில டிரைவரு. மூடுறப்ப இத்தக் குடுத்து அனுப்பிட்டாங்க. கதவு பூரா ஓட்டை. மழை வந்தா புடவைலாம் நனஞ்சிபூடுது. நான்தான் அடச்சி வச்சிக்கிறேன்."

பாச்சா எல்லாவற்றையும் சொன்னார். புயல், பந்தயம், இங்கிலாந்து, சங்கம். அவள் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"செரி சார். இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ஓட்டப்படாதும்மா. துணியப் போட்டு மூடிப் பத்திரமா நிறுத்தணும்."

"அப்ப இந்தப் புள்ளைங்க எதுல போவும்?"

பாச்சா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் வங்கிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. யார் வண்டி என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் சங்கத்துக்கு எழுதினார். பதில் உடனே வந்தது. மூன்றாவது வண்டிக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது; ஆகவே இது நான்காவதாகத்தான் இருக்க முடியும். கம்பெனி நான்கு வண்டி கட்டியது என்ற அரிய உண்மையை வெளிக்கொண்டுவந்ததற்காகச் சங்கம் பாச்சாவுக்கு நன்றி சொல்லி, சரித்திரத்தையும் திருத்தி எழுதிவிட்டது.

சேதி ஊருக்கும் எட்டியது. அந்த வாரமே கலியாணசுந்தரம் பாச்சாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாலாவது வண்டி எங்க மச்சான் கையில இருக்குது சாமி. பெயிண்டு மட்டும் காயணும்."

பாச்சா அதைப் பார்க்கப் போகவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அம்சவேணியின் முன்சீட்டில்தான் ஏனாத்தூருக்குப் போய்வந்தார். யாராவது ராலி கார்களைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் கலியாணசுந்தரத்துக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிடுவார்.