திரைக்குப் பின்னால் ஒரு நடை

கண்டி கட்டுக்கலையில் "மெஷின் றீற்றா" என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கைமெஷினைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், தெருவில் போகிறவர் யாரென்று சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டில் சட்டி உருண்டால் எந்தச் சட்டி என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்குக் காது கூர்மை என்று ஊரில் சொல்வார்கள். அதைப் புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் குறைவு. அப்பேர்ப்பட்ட காதோடு கெலிஓயாவில் பிறந்தவள், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில் ஒரு சத்தக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். விதிக்கும் சில நேரம் குசும்பு அதிகம்.

சுவக்கின் பகலில் தகர வேலைக்காரன். வீட்டை ஒட்டினாற்போல் இருந்த சாய்ப்பில் உட்கார்ந்து வாளிக்கு அடி வைப்பான், ஓட்டை விளக்குக்கு ஈயப் பற்றாசு வைப்பான். பின்னேரம் ஆனதும் ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருந்த பயஸ்கோப் கொட்டகைக்குப் போவான். அப்போது படங்களுக்கு வாய் கிடையாது. திரைக்கு முன்னால் ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார். திரைக்குப் பின்னால் மற்றதெல்லாம் சுவக்கின். தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் அவனிடம் குதிரை ஓடும். தகரத்தை உலுக்கினால் இடி. மழையிலேயே அவனிடம் பல மழை உண்டு. காதலர்கள் நனைகிற மழை என்றால் சுளகில் நெல்லைப் போட்டு மெல்ல உருட்டுவான். சாவு வீட்டு மழை என்றால் சுளகைத் தொடவே மாட்டான். வெறும் தகரப் பேணிக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவான். அந்தச் சொட்டுக்கே பெண்கள் வரிசையில் மூக்குறிஞ்சத் தொடங்கிவிடுவார்கள்.

றீற்றாவுக்கு இதில் பெருமைதான். சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு அவளுக்கு வாங்குப் பலகையில் ஓர் இடம் உண்டு. இடி இடித்தால், "எங்க வீட்டுக்காரர்தான்" என்று பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் பயப்படுவாள்.

முப்பதாம் ஆண்டு அந்தப் பம்பாய்ப் படம் வந்தது. பெரிய வீட்டு மருமகள் ஒருத்தி, கப்பலேறிப் போன புருசன் திரும்பி வருவானென்று மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள், கதையே அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்குச் சுவக்கின் ஒரு சத்தம் போட்டான். டக், டக், டக், பிறகு ஒரு சிறு இழுப்பு. மறுபடி மூன்று அடி, மறுபடி இழுப்பு. திரையில் இருந்தவள் பொம்மைபோல் நடந்தாள். சத்தத்தில் நடந்தவளுக்கு உயிர் இருந்தது. கொட்டகை முழுக்க அழுதது. றீற்றாவும் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கண்ணீர் சட்டென்று நின்றுபோனது.

இது யாருடைய நடை?

ஏனென்றால் அவனே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்: "சத்தத்தச் சும்மா உண்டாக்க ஏலாது றீற்றா. எங்கயாவது கேட்டிருக்கணும்." படத்தில் வருகிற பொலிஸ்காரனுக்கு அவன் போடுகிற பூட்ஸ் சத்தம், மார்க்கட்டுக்கு முன்னால் நிற்கிற சார்ஜன்டுடையது. ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிற கறுப்பையாவின் இருமலை, படத்துக் கிழவன்களெல்லாம் இருமினார்கள். அப்படியானால் இவள் யார்? எங்கே நடந்தாள்? அவள் நடக்கும்போது இந்த மனுசன் எவ்வளவு நேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்?

அன்று தொடங்கியது வயிற்றெரிச்சல். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கப் போகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலடியைக் கேட்டாள். மார்க்கட்டில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்துபோகிற செருப்புகளை எண்ணினாள். பரிமளம் டீச்சர் விளக்குக்குப் பற்றாசு வைக்கச் சாய்ப்புக்கு வந்தபோது, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு அடுக்களையிலிருந்து போனாள். கதவுக்கு இரண்டடி இப்பால் நின்றாள். பேச்சு முடிந்து டீச்சர் எழுந்து நடக்கும்வரை நின்றாள். டீச்சர் நடை சப்பென்று இருந்தது. அவளும் இல்லை. புருசனை நேரே கேட்டுவிடலாம்; கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். மூன்று கிழமையாக இதே வேலை. தபால் மாஸ்டர் சம்சாரத்தின் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடக்கையையே வைத்துத் தைத்துக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாலாம் சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பாலம்மாவையும் படத்துக்குக் கூட்டிப் போனாள். பாலம்மா அந்தத் தெருவில் பழைய ஆள். துணைக்குத்தான் கூப்பிட்டாள், வேறு நினைப்பில்லை. படத்தில் மருமகள் நடக்கத் தொடங்கினாள். டக், டக், டக், இழுப்பு. திரையைப் பார்த்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாலம்மா, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாரோ உட்கார வருவதுபோல, வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"யாருக்கு எடம் விடுறீங்க?" என்றாள் றீற்றா.

பாலம்மா மெல்லுவதை நிறுத்தினாள். வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பியட்றிஸ் வந்துட்டான்னு நெனச்சுட்டேன் தாயி. அவ நடைதான் அது. கலியாணத்துக்கு ஒங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்த செருப்பு, ஒரு வெரல் பெருசு. மாத்துடீன்னா மாத்த மாட்டா. மூணு எட்டுக்கு ஒருக்கா இழுத்து மாட்டிக்கிட்டே நடப்பா."

பியட்றிஸ் சுவக்கினின் முதல் பெண்சாதி. இருபத்தைந்தாம் ஆண்டு காய்ச்சலில் போனவள். றீற்றாவுக்கு அவள்மேல் அதுவரை ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இறந்தோர் திருநாளில் மகியாவ சேமக்காலைக்குப் போய், அவள் கல்லறையில் தானே மெழுகுதிரி கொளுத்துகிறவள். அந்த மெழுகுதிரிகளையெல்லாம் திருப்பிக் கேட்கலாம்போல இருந்தது இப்போது. உயிரோடு இருக்கிறவள் என்றால் தலைமுடியைப் பிடிக்கலாம், தண்ணிப் பைப்படியில் வைத்து நாலு வார்த்தை கேட்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயது ஏறாது, கோபம் வராது, சோற்றில் உப்புக் கூடிப்போகாது. தினமும் இரண்டு காட்சி நடந்துவிட்டு, ஊரையே அழவைத்துவிட்டுப் போகிறாள்.

அன்றிரவு அவன் இரண்டாம் காட்சி முடிந்து வந்து தூங்கிய பிறகு, கோணிப்பையைக் கொட்டினாள். சிரட்டை, தகரம், மணிக்கயிறு, அடியில், கையில் மாட்டிப் பலகையில் தட்டுகிற ஒரு சோடித் தோல் செருப்பு. கலியாணமான புதிதில் அது என்னவென்று கேட்டபோது, "கிடந்த செருப்பு" என்று சொன்னான். றீற்றாவோ வீட்டிலும் தெருவிலும் வெறுங்கால்தான். அவன் அவளுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ ஒரு செருப்பும் வாங்கிக் கொடுத்ததில்லை.

செருப்பைத் தூக்கி வாவியில் எறிந்திருக்கலாம். றீற்றா தையல்காரி, அவள் புத்தி அப்படிப் போகவில்லை. தோட்டத்துத் துரை ஒருவரின் பழைய கோட்டை வெட்டித் தைத்ததில் மிஞ்சிய தடித்த கம்பளித் துண்டு கிடந்தது. அதை அளவாக வெட்டி, மெழுகுநூல் கோர்த்து, இரண்டு செருப்புக்கும் அடியில் வைத்துத் தைத்தாள். கோபத்திலும் தையல் கோணவில்லை. திரைக்குப் பின்னால் இருக்கிற அரைவெளிச்சத்தில் யாருக்கும் தெரியாதபடி ஓரத்தை நறுக்கிவிட்டாள்.

மறுநாள் மூன்று மணிக் காட்சிக்குத் தனியாகப் போனாள். மருமகள் மாடியிலிருந்து இறங்கினாள். சத்தமில்லை. வாசலுக்கு வந்தாள், சத்தமில்லை. முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். "மருமகளுக்குக் காலில்லையா?" என்று இன்னொருவன் கத்த, கொட்டகை சிரித்தது. ஆர்மோனியக்காரர் பதறிப்போய் ஏதோ வேகமாக வாசித்தார். றீற்றாவுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு நிமிடம் போல அந்தக் குளிர்ச்சி இருந்தது. பிறகு, சிரிக்கிறவர்கள் தன் புருசனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது உறைத்தது. அதற்கும் சேர்த்துப் பியட்றிஸ்மேல்தான் கோபம் வந்தது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் திரைக்குப் பின்னால் போனாள். சுவக்கின் பலகைக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். செருப்பைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தையல் நல்லாருக்கு," என்றான்.

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். "ஆமா, நான்தான் தச்சேன்!" என்று அவள்தான் கத்தினாள். "செத்தவள இத்தன சனத்துக்கு முன்னால நடக்க வைக்கிறீங்க. மூணு வருசமா நானும் ஒங்க வீட்டுலதான் நடக்குறேன். வெறுங்காலு. வெறுங்காலுல நடக்குறவளுக்கு ஏது சத்தம்? எவன் கேப்பான்? ஊர்ல இருக்க எல்லா நடையும் ஒங்களுக்குத் தெரியும், எங்க, என் நடை எப்புடின்னு சொல்லுங்க பாப்போம். செஞ்சு காட்டுங்க!"

அவனால் முடியாது என்று அவளுக்கு நிச்சயம். முடியாமல் அவன் தலையைக் குனிய வேண்டும், அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

சுவக்கின் பலகையை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு அந்தக் கம்பளி தைத்த செருப்புகளுக்குள்ளேயே கைகளை விட்டான். பலகைமேல் வைத்தான்.

மெத்து, மெத்து. நிறுத்தம். நீண்ட நிறுத்தம். பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுகிற சிறு அழுத்தம். மறுபடி ஒரே ஓர் அடி. நிறுத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிறுத்தம் அது. பிறகு, யாரோ எழுந்து வருவது கேட்டதுபோல, வந்த வழியே வேகமாக ஆறு அடி.

றீற்றாவுக்கு முதலில் அந்த வழிதான் பிடிபட்டது. அடுக்களையிலிருந்து சாய்ப்புக்கு. கதவுக்கு இரண்டடி இப்பால். அவள் முகம் சுட்டது.

"எப்பருந்து தெரியும்?" என்றாள்.

"நீ வந்த மொதக் கெழமையிலருந்து. யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறித்தானே வரும்." அவன் குரலில் கோபம் இல்லை. செருப்பிலிருந்து கையை எடுத்துத் தொடையில் துடைத்தான். "பியட்றிஸ் நடை மறந்துபோயிரும்னு பயத்துலதான் அத அடிக்கிறேன். இப்பவே பாதிதான் சரியா வருது. ஒன் நடைக்கு அந்தப் பயமில்ல. அது தெனமும் எங் கதவுக்கு வெளிய நிக்குது."

இடைவேளை முடிகிற மணி அடித்தது. விளக்கை அணைத்தார்கள். அவன் சிறு கத்தியை எடுத்து, ஒவ்வொரு தையலாக அறுக்கத் தொடங்கினான்.

அவள் திரும்பினாள். அங்கிருந்து வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். மெல்ல வைத்தாலும் அவனுக்குத் தெரியும், ஓங்கி வைத்தாலும் தெரியும். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தபிறகு, எப்படி நடப்பதென்று றீற்றாவுக்குத் தெரியவில்லை. நிற்கவும் முடியவில்லை.