கைராசியும் ரீஸ்டாக்கிங் சார்ஜும்

எங்கள் கடையில் டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, கேமரா எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் பேசி விற்பார். நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவேன், பில் போட்ட கையோடு பொட்டும் வைப்பேன். கோவில்பட்டியில் கரண்டில் ஓடுகிற எந்தப் பொருளையும் குங்குமம் வைக்காமல் யாரும் சுவிட்சைத் தட்ட மாட்டார்கள். அதை வீட்டுக்குப் போய் நிதானமாக, சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் செய்வதுதான் வழக்கம். எங்கள் கடையில் மட்டும் நானே வைத்துக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தது என் வீட்டுக்காரர் யோசனை.

"ஏட்டி, வந்து வையி. ஒன் கைராசிக்கு ஈடு உண்டா" என்று வாடிக்கையாளர் காதுபடச் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் குழம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மனுசன். கைராசி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாப் பக்கத்திலேயே ஒரு குங்குமச்சிமிழ் வாங்கி வைத்துக்கொண்டேன். பெட்டியைப் பிரித்து, பொருளுக்கு நெற்றி எது என்று தேடி வைப்பேன். பிரிட்ஜுக்கு நெற்றி உண்டு. டிவிக்கும் உண்டு. மிக்ஸிக்குத்தான் வயிற்றில் வைக்க வேண்டியிருக்கும்.

இது ஆரம்பித்ததற்குக் கொஞ்சம் முன்னால் மதுரையில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே பிரியாணியும் ஒரு புது வார்த்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்.

"பெட்டி பிரிச்சுத் திருப்பிக் கொண்டுவந்தா ரீஸ்டாக்கிங் சார்ஜ் பிடிக்கணுமாம்."

"அப்படின்னா?"

"அந்தப் பொருள எடுத்த எடத்துல மறுபடி அடுக்குததுக்குக் காசு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க சாப்பிட்ட தட்டக் கழுவி எடுத்த எடத்துல நானுந்தான் தினம் அடுக்குதேன். எனக்கு எப்பத் தாறீய?" என்று கேட்டேன். யாரோ கூப்பிட்டது மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே சுவரில் போர்டு ஏறியது. ஏழு நாளுக்குள் பொருள் திரும்பப் பெறப்படும், பெட்டி பிரித்திருந்தால் பத்துச் சதவீதம் பிடிக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. கல்லாவிலிருந்து பார்த்தால் ஸ்டெபிலைசர் பெட்டிகள் அந்த வரியை மறைக்கும். நானும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் நாகலாபுரத்துக்காரர் ஒருவர் மிக்ஸி வாங்கினார். நான் சிமிழைத் திறந்ததுதான் தாமதம், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார்.

"வேண்டாம்க்கா. வீட்டுல போயி வச்சுக்கிடுதோம்."

"என் கை நல்ல கைதான் அண்ணாச்சி."

"நல்ல கைதான். அதுக்குத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. சாமி கும்பிடாத ஆள் போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மனுசன் கண்ணாடி போட்டுப் போர்டைக் கடைசி வரி வரை படித்திருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ஆடு வளர்க்கிற குடும்பம். பட்டியில் அடைத்த ஆட்டை ராத்திரியில் எவனோ ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறான் என்றார்.

"எம் மக நர்சிங் படிப்பு அந்த ஆடுக மேலதான் நடக்கு தாயி. இப்படியே போனா அவளக் கூட்டிட்டு வந்து வீட்டுல உக்கார வைக்க வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் ஒரு கேமராவை எடுத்து நீட்டினார். வீட்டில் படுத்துக்கொண்டே போனில் பட்டியைப் பார்க்கலாம், அதன் வழியாகப் பேசவும் செய்யலாம் என்றார். அக்கா முகம் தெளிந்தது. பட்டி எங்கே இருக்கிறது, அங்கே என்ன வசதி என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில் போட்டேன். "ஏட்டி" என்றார். வைத்தேன்.

நாலைந்து நாளில் அக்கா அதே துணிப்பையோடு திரும்பி வந்தார்.

"இதுக்கு வைபை வேணும்ங்காவ அண்ணாச்சி. கரிசக்காட்டுக்குள்ள வைபைக்கு நான் எங்கன போவேன்? நேத்தும் ஒரு கிடா போயிட்டு. இத வச்சுக்கிட்டு, வைபை இல்லாம ஓடுத கேமரா இருந்தாத் தாங்க."

அப்படி ஒன்று இருந்தது. சிம் கார்டு போட்டால் போதும், வெயிலில் சார்ஜ் ஏறிக்கொள்ளும், அதிலும் பேசலாம். ஆனால் என் வீட்டுக்காரர் குரலில் தேன் ஒழுக ஆரம்பித்தது. தேன் ஒழுகினால் ஏதோ தில்லுமுல்லு என்று எனக்குத் தெரியும்.

"நீங்க சொல்லுதது வாஸ்தவம்தான்க்கா. ஆனா பொட்டு வச்சாச்சே. போர்டுல போட்டிருக்கு பாருங்க."

நான் எழுந்துபோய் ஸ்டெபிலைசர் பெட்டிகளை நகர்த்தினேன். பொடி எழுத்தை உரக்கப் படித்தேன். 'பொட்டு வைத்த பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

அடப்பாவி மனுசா. கைராசி, கைராசி என்று எனக்கு ஐஸ் வைத்ததெல்லாம் இதற்குத்தானா? பூட்டுப் போடுகிற வேலையை என் கையால் செய்ய வைத்திருக்கிறார். நானும் நெற்றி தேடித் தேடிப் பூட்டியிருக்கிறேன்.

"பொட்டு வையின்னு நான் கேட்டனா அண்ணாச்சி?" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் சேந்துதான் செஞ்சியா தாயி?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எனக்குத் தெரியாது என்றாலும், வைத்தது என் விரல்தானே.

"குங்குமம் பட்ட பெட்டிய இன்னொருத்தன் வாங்குவானா ஏட்டி?" என்றார் இவர் மெதுவாக. "அடுத்த வீட்டுப் பொருள்னு பாத்ததும் சொல்லிருவான். பொட்டு வச்சா அது வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி. திருப்பி அனுப்ப முடியுமா?"

"பொண்ணு திரும்பிப் போறதா இல்லையான்னு பொண்ணுதான் சொல்லணும். எங்க அண்ணன் வீடு மணியாச்சியிலதான் இருக்கு, நல்லா யோசிச்சுக்கிடுங்க" என்றேன்.

யோசித்தார். யோசித்துவிட்டு, அப்போதும் விடவில்லை. "சரி, ரீஸ்டாக்கிங் சார்ஜாவது பிடிச்சுக்கிடுவோம்."

நான் அக்கா கையிலிருந்த கேமராவை வாங்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டில், எடுத்த இடத்தில் வைத்தேன். பக்கத்திலிருந்த சிம் கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அடுக்கியாச்சு. அடுக்குனவளுக்குத்தான காசு? அடுக்குனது நானு. எனக்கு வேண்டாம்."

சிம் கேமரா விலை கொஞ்சம் கூடுதல்தான். அதையும் பழைய பில்லிலேயே அடக்கினேன். இவர் கேட்டால் தட்டு அடுக்கின பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் என் கை சிமிழுக்குப் போயிற்று. அக்கா கேமராவைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பொட்டு வேண்டாம் தாயி. மொதல்ல வேல பாக்கட்டும்."

நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொடி எழுத்தை மறுநாளே சுரண்டி எடுத்தேன். யாருக்கும் பொட்டு வைக்கவும் இல்லை. கேட்டவர்களிடம், வீட்டில் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பி வந்த கேமராவை என் வீட்டுக்காரர் சொன்னபடியே ஒருவரும் சீண்டவில்லை. கடைசியில் எங்கள் கடையிலேயே, அவர் நின்று பேசி விற்கிற இடத்தைப் பார்த்த மாதிரி மாட்டினேன். இப்போது அவர் விற்கிற அழகை நான் அடுப்படியிலிருந்தே பார்க்கிறேன்.

ஒரு மாதம் இருக்கும். உச்சி வெயிலில் அக்கா உள்ளே நுழைந்தார். அதே துணிப்பை. உள்ளேயிருந்து சிம் கேமராவை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். கண்ணாடியெல்லாம் கரிசல் தூசி. என் வீட்டுக்காரர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி முழிக்கீய? திருப்பிக் குடுக்க வரல" என்றார் அக்கா. "போன வாரம் அவன் வந்தான். போன்ல பாத்துட்டேன். 'ஏலே, ஆட்டக் கீழ விடுலே'ன்னு கட்டில்ல கெடந்தே ஒரு சத்தம் போட்டேன். கேமராவுக்குள்ள இருந்து சத்தம் வரவும் முள்ளுல சிக்குன கைலிய அங்கனயே விட்டுட்டு ஓடிட்டான். அப்புறம் ஒரு ஆடு போகல. மக பீஸ் கட்டியாச்சு."

சொல்லிவிட்டு முந்தானையால் கேமராவைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஏழு நாளும் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இனி நானும் கேக்க மாட்டேன், அண்ணாச்சியும் தர மாட்டாவ. இப்ப வையி தாயி."

"இதுக்கா பஸ் ஏறி வந்தீய?"

"பின்ன? ஆட்ட மேய விட்டுட்டு வந்திருக்கேன். அடைக்கதுக்குள்ள போயி மாட்டணும். சட்டுன்னு வையி."

கண் கலங்கியதில் சிமிழின் மூடி திறக்கவில்லை. அக்காதான் திறந்து கொடுத்தார். கண்ணாடியில் படாமல், நெற்றி என்று தோன்றிய இடத்தில் வைத்தேன்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "கைராசி..." என்று ஆரம்பித்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மனுசன் போய் ஸ்டெபிலைசர் பெட்டிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினதற்குக் காசு கேட்கவில்லை.