சோழவந்தானில் நிற்காத வண்டி

மதுரையிலிருந்து சென்னை போகும் அதிவேக வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலைக் கட்டைப் பிரித்ததும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

மதுரையில் வெற்றிலை விற்றுவிட்டு, அப்பாவும் நானும் பாசஞ்சரில் ஊர் திரும்புவோம். வெற்றிலை சுற்றியிருந்த ஈரச்சாக்கு மணக்க அப்பா உலுக்குவார்: "எந்திரிடா! சோழவந்தான்ல ஒரு நிமிசந்தான் நிப்பான்!"

பிறகு நிற்கிற வண்டிகள் குறைந்தன. கடைகளும் வேலைகளும் வண்டி நிற்கிற ஊர்களுக்குப் போயின. நாங்களும் மதுரைக்குப் போனோம்.

இப்போது பார்த்தால், அப்பா உலுக்கியதுபோல் எழுந்து வந்து பையோடு கதவருகே நிற்கிறேன்.

"எங்கண்ணே இறங்கணும்?" பின்னாலேயே வந்து கேட்டார் வெற்றிலைக்காரர்.

"சோழவந்தான்."

"அங்க நிக்காதுண்ணே!"

"தெரியும் மாப்ள. என் டிக்கெட்டும் சென்னைக்குத்தான்."

பெயர்ப்பலகையை வாசிப்பதற்குள் ஊர் போய்விட்டது. கூட இறங்க அப்பாவும் இல்லை. பெரிய வீரனைப்போல் பையைச் சுமந்துகொண்டு, அந்த வாசனைக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.