புகையில்லாத கூரை

ஊரில் கரண்ட் போயிருந்தது. ஷெட்டில் நானும் என் மனைவியும் விசைத்தறி ஓட்டும் நாலு பெண்களும் மட்டும் இருந்தோம். பல வருஷம் கழித்துத் துணி வாங்க வந்த கடையநல்லூர் பாய், மெயின் ரோட்டிலிருந்தே போன் செய்தார்.

“தம்பி, புகையக் காணுமே, தறி நின்னுட்டா? நான் சிவகிரிக்கே போயிருதேன்.”

அப்பாவின் டீசல் இன்ஜின் நெடி மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் கரண்ட் போனால், புகைபோக்கியைப் பார்த்துத்தான் வியாபாரிகள் வருவார்கள். கொடித்துணியில் கரி விழுவதாக அம்மா கத்தினால், “கரி விழுந்தாத்தாம்ட்டி காசு விழும்” என்பார் அப்பா. டீசல் வாங்க வழியில்லாத நாளில், ஷெட்டுக்குப் பின்னால் ஈரத் தேங்காய்மட்டையைக் கொளுத்திப் புகை காட்டுவார். நம்பி வந்தவர்கள், நிற்கும் தறியைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

“ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க, பாய்” என்றேன்.

வந்தார். அப்பாவின் நாலு தறி இப்போது எட்டு. எட்டும் தடதடத்தன.

“எண்ணெய எங்கன ஊத்துதிய?”

கூரையிலிருந்த சோலார் தகடுகளைக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தவர், மொத்த ஆர்டரையும் எனக்கே கொடுத்தார்.

அவர் போனதும் வானத்தைப் பார்த்தேன்.

“உங்கய்யா புகை இல்லன்னு கவலப்பட்டாவ, நீங்க மேகத்தப் பாத்துக் கவலப்படுதிய” என்றாள் மனைவி.

கொடியில் அவள் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.