பேசிக்கொண்டே இறங்க வேண்டும்

வீரய்யாவின் மகள் பதுளையில் படித்துப் படித்து, கடைசியில் ஒரு பாடையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்ற செய்தி, அவள் வந்து சேருமுன்பே கல்லுமலைத் தோட்டத்து மேக்கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. பசறை பஸ் ரோட்டில் லொறியிலிருந்து அது இறங்கியதைப் பார்த்த யாரோ ஒருவர் குறுக்குப் பாதையால் ஓடிவந்து சொன்னதுதான். நல்ல சேதி என்றால் அந்த மலையில் ஆற அமரத்தான் ஏறும். இது மூச்சு வாங்காமல் ஏறியது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. ஜெயந்தினி தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் டிப்ளோமா கடைசி வருஷம். பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண். கணக்கில் புலி, வரைபடத்தில் கெட்டி. ஒரு சாமானைப் பார்த்தால் அடுத்தவன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று யோசிப்பதில் மட்டும் சுத்த மோசம். படித்தவர்கள் பலருக்கும் உள்ள வியாதிதான். இவளுக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வாகனம் வராது. மண்சரிவில் போன பாதையை யாரும் திருப்பிப் போடவில்லை. யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் படுக்க வைத்து, இரண்டு முனையையும் ஒரு கம்பில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டும். முந்திய வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் வீரய்யா சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கம்பளியில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முறிந்த எலும்பு மேலும் விலகிவிட்டது. அன்றைக்கு வழிநெடுக அப்பா போட்ட சத்தம் ஜெயந்தினியின் காதை விட்டுப் போகவேயில்லை. இனி ஒருவரும் அப்படி இறங்கக் கூடாது என்று அவள் மனதுக்குள் வெறியே பிடித்திருந்தது. அதனால் கடைசி வருஷத்துக்குச் சொந்தமாக ஒரு பொருளை வடிவமைத்துச் செய்ய வேண்டும் என்று சொன்னபோது அவள் இரண்டாம் யோசனை யோசிக்கவில்லை. நோயாளியைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்க ஒற்றைச் சக்கர வண்டி.

விரிவுரையாளர் ஸ்ரீஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அதையும் இரண்டு தரம் பார்ப்பார்.

“பிள்ளையள், மெஷின் ஓடுது எண்டு வாயால சொன்னா நான் நம்பமாட்டன். ஆருக்காகச் செய்தனீங்களோ, அவை அதைப் பாவிக்கிறதை நான் என்ர கண்ணால பாக்கவேணும். இல்லாட்டி மார்க்ஸ் இல்லை.”

வெலிமடைப் பையன்கள் கரட் கழுவ ஒரு டிரம் செய்திருந்தார்கள். அது மண்ணோடு தோலையும் சேர்த்து உரித்தது. கரட் தோட்டக்காரர்கள் வந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா சேர் மார்க்ஸ் போட்டார். “பாவிச்சவன்தான் திட்டுவான்” என்றார்.

ஜெயந்தினிக்குக் கூட்டு, பதுளை டவுன் தாஸிம். பழைய மோட்டார் சைக்கிள் சக்கரம் ஒன்றை அவன் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். அதன் பிரேக்கையே வைத்து, கேபிளைப் பின்பக்கக் கைப்பிடிக்கு இழுத்துவிட்டார்கள். செங்குத்தான இறக்கத்தில் பின்னால் பிடிப்பவர் நெருக்கினால் வண்டி அப்படியே நிற்கும். குலுங்காமல் இருக்க அடியில் ஸ்பிரிங். சட்டத்துக்கு இரும்புக் குழாய் போட்டால் எடை கூடும், மேலே ஏற்ற முடியாது. ஆகவே அவள் நல்ல பச்சை மூங்கில் இரண்டை நீளமாக வெட்டி, குறுக்கே சின்ன மூங்கில்களை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். எடை பாதியாகக் குறைந்துவிட்டது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

பச்சை மூங்கில் இரண்டு, குறுக்கே கழிகள், கயிறு. இதைப் பார்த்து மேக்கணக்கில் வேறு என்ன சொல்வார்கள்? தாஸிமுக்குத் தெரிய நியாயமில்லை. அவர்கள் வீட்டு மௌத்துக்கு மூங்கில் கிடையாது, தூக்கிப் போகச் சந்தூக்குப் பெட்டிதான். ஆனால் லயத்திலே பிறந்து, எத்தனையோ சாவைப் பார்த்து வளர்ந்த ஜெயந்தினிக்கு அது ஏன் தோன்றவில்லை? எடையைப் பார்த்தவள் வேறெதையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டி லயத்து வாசலுக்கு வந்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஜெயந்தினியின் அம்மா இராக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப் பாவி! வீட்டு வாசல்ல கொண்டாந்து வக்கிற சாமானாடி இது?”

“அம்மா, இது ஸ்ட்ரெச்சர் மாதிரிம்மா. ஆஸ்பத்திரியில இருக்குமே.”

“ஆஸ்பத்திரியில மூங்கிலா இருக்கு?”

ஜெயந்தினி அப்போதுதான் குனிந்து மூங்கிலைப் பார்த்தாள்.

வீரய்யா மட்டும் நொண்டிக்கொண்டு வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், பிரேக்கை நெருக்கிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு. நான் வேணா ஏறிப் பாக்குறேனே” என்றார். இராக்கம்மா எழுந்து தாலியைக் கையில் எடுத்துக் காட்டினாள். “இது என் கழுத்துல கெடக்குற வரைக்கும் நீங்க அதுல ஏறிருவீங்களா? ஏறித்தான் பாருங்களேன்.” அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

சேர் வரும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயந்தினி மூங்கிலுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். மஞ்சள் பாடை என்றார்கள். மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் சூடம் காட்டி, குங்குமம் வைத்தாள். மஞ்சள் பெயின்டே பூ போட்ட மாதிரி இருந்ததாம், இப்போது பொட்டும் வைத்தாயிற்று என்றார்கள். கொழுந்து மூட்டையை ஏற்றி இறக்கிக் காட்டினாள். மூட்டைக்குப் பயமில்லை. பக்கத்து வீட்டு இராமையாவுக்கு அனலாகக் காய்ச்சல் அடித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனாள். மனிதர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பஸ் ரோடு வரைக்கும் ஒரே நடையாக நடந்தே போய்விட்டார். அந்தக் காய்ச்சலுக்கு வண்டி செய்த உதவி அதுதான்.

பாஸ் பண்ணாவிட்டால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய்ப் பேர் கொடுத்து, அம்மாவோடு கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். அதைவிட அவளை அரித்தது வேறு. இந்த வண்டி வாசலில் கிடந்து உளுத்துப் போகும், அடுத்தவரும் கம்பளியில்தான் கத்திக்கொண்டு இறங்குவார். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு பிரேக் கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

ஞாயிறு காலை சேர் தாஸிமோடு ஏறி வந்தார். வழியில் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லயத்துச் சனம் முழுக்க வாசலில் கூடியிருந்தது. வேடிக்கை பார்க்க யாருக்கும் பயமில்லை.

“சரி பிள்ளை, ஆர் ஏறப்போகினம்?”

யாரும் அசையவில்லை. பிள்ளைகள் சிலர் ஓடிவந்தார்கள். சேர் கையை அசைத்து விலக்கினார். “சின்னப் பிள்ளையள் எதிலயும் ஏறுவினம். அது கணக்கில்லை.”

தாஸிம் மெதுவாக ஜெயந்தினியிடம் கேட்டான். “ஒங்கட ஆக்கள் ஒருத்தரும் வர மாட்டாங்களா?”

ஜெயந்தினி சனத்தைப் பார்த்தாள். இராமையா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். “நானே ஏறுறேன், சேர்” என்று சொல்லிக்கொண்டே போய் மூங்கிலில் காலை வைத்தாள்.

அந்த ஒரு கால்தான். இராக்கம்மாவுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. ஞாயிறென்றாலும் கொழுந்தெடுக்க மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு நின்றவள் பாய்ந்து வந்து மகளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

“கல்யாணம் காச்சி ஆகாத பொண்ணு! நீ ஏறுவியாடி இதுல? நான் உசிரோட நிக்கிறப்ப நீ ஏறுவியா?”

தள்ளிய வேகத்தில் தானே ஏறிப் படுத்துவிட்டாள். படுத்த பிறகுதான் எதில் படுத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. கூட்டத்தில் ஒரு கிழவி “ஐயோ, சுமங்கலி” என்று ஒப்பாரிக்கு ஆயத்தமானாள்.

“எவ அவ?” என்று இராக்கம்மா படுத்தபடியே ஒரு சத்தம் போட்டாள். “பொணத்துக்கு எவளாவது படங்கு கட்டி விடுவாளா? பொணம் வெத்தல போடுமா? பொணம் வாயத் தொறந்து ஒங்கள இந்தக் கேள்வி கேக்குமா? டேய் ஜீவன், என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? தூக்குடா!”

மூத்த மகன் ஜீவன் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். தாஸிம் முன்னால் பிடித்தான். வண்டி கிளம்பியது. இராக்கம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை, வாயையும் மூடிக்கொள்ளவில்லை. வாய் மூடினால் செத்துவிடுவோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். பயம் கூடக் கூடப் பேச்சும் கூடியது.

“ஏங்க இராமையாண்ணே! ஒங்க கோழி என் கீரப்பாத்தியக் கிண்டுனதுக்கு இன்னும் ஒரு பதிலும் காணோமே! காச்சலோட நடந்து போன வீரரு, கோழியக் கட்டிப்போட முடியலையோ?”

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பின்னால் இறங்கியது. இராக்கம்மா எந்த வீட்டையும் விடவில்லை. பீலியில் தண்ணி பிடிக்க வரிசையில் புகுந்தவள், கோயில் அண்டாவை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவன், எல்லோருக்கும் கிடைத்தது. யாரைத் திட்டுகிறோம் என்று பார்க்க முடியவில்லை என்பதால் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டாள். கோயில் திருப்பத்தில் பாதை திடீரென்று கீழே விழும். அங்கே வண்டி சறுக்க, “ஆத்தா!” என்று அலறினாள். ஜீவன் பிரேக்கை நெருக்கினான். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. கூட்டம் எட்டி அவள் வாயைப் பார்த்தது.

“யாத்தே, கொன்னுட்டானே பாவி!” என்று குரல் வந்தது. கூட்டமே பெருமூச்சு விட்டது.

பஸ் ரோட்டில் வந்து நிறுத்தியபோது இராக்கம்மாவுக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. “அதுக்குள்ள வந்துருச்சா?” என்றாள். வீரய்யா கம்பை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார். மனைவியை மேலும் கீழும் பார்த்தார். “நோவு இருக்கா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லங்க. தொட்டில்ல வந்த மாதிரி இருந்துச்சு” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் தன் காலைத் தடவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேர் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் வந்தார். “பிரேக் திறம்” என்றார். “அம்மாவுக்குத்தான் பிரேக் இல்லை. பிள்ளை, நீ பாஸ்.”

முழங்கையை ஊன்றி அம்மா தலையைத் தூக்கியதைப் பார்த்து, அடுத்த மாதமே தலைப்பக்கத்தைச் சாய்த்து உயர்த்தி வைத்தாள் ஜெயந்தினி. பிறகு மூங்கில் போய் அலுமினியக் குழாய் வந்தது. வண்டி மேக்கணக்குக்கே சொந்தமாயிற்று. அதோடு ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. அதில் ஏறுகிறவர் வழிநெடுகப் பேச வேண்டும். பேசுகிறவரைக்கும் அது வண்டி, வாய் மூடினால் பாடை. யாரும் சட்டம் போடவில்லை, இராக்கம்மா போன வழி, அவ்வளவுதான். இராமையா அடுத்த காய்ச்சலுக்கு அதில்தான் இறங்கினார், காமன் கூத்துப் பாட்டு முழுவதையும் பாடிக்கொண்டு. பேச ஒன்றும் இல்லாத ஒருத்தி மகளின் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள் புருஷனைத் திட்டினார்கள். எல்லோரையும் இறக்கிய ஜீவனுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் அந்த மலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரித் தாதிமார், மயங்க விடாமல் பேச்சுக் கொடுத்துக் கூட்டி வந்தது நல்லது என்று பாராட்டினார்கள்.

ஜெயந்தினி பண்டாரவளையில் தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ரோலருக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு பெடியன்களை அதட்டும் பெண் என்று பேர் எடுத்தாள். பசறை வாத்தியார் ஒருவரைக் கட்டினாள். இரண்டாயிரத்தைந்தில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளுக்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு வெகு முந்தியே, கொட்டும் மழையில் ஒரு காலைப்பொழுது வலி எடுத்துவிட்டது.

தான் செய்த வண்டியில் அவளே படுத்தாள். ஜீவன் பின்னால் பிடித்தான். இராக்கம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். முதல் லயம் தாண்டும்வரை ஜெயந்தினி ஏதோ பேசினாள். பிறகு இரத்தம் போகத் தொடங்கியது. பேச்சு நின்றது.

“பேசுடி” என்றாள் இராக்கம்மா. “புருஷனத் திட்டு. என்னயத் திட்டுடி.”

ஜெயந்தினியின் கண் மேலே சொருகியது. சக்கரம் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஜீவன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே தங்கையின் முகத்தை எட்டிப் பார்த்தான். இராக்கம்மாவின் கையிலிருந்து குடை விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மகளின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள்.

“ஏறாதன்னுதானேடி அன்னிக்கித் தள்ளி விட்டேன்! வாயத் தொறடி, எங்காத்தா! ஒரு வார்த்த பேசுடி!”

கோயில் திருப்பத்தில் வண்டி இறங்கியது. சக்கரம் கிறீச்சிட்டது, இன்னும் பலமாகக் கிறீச்சிட்டது. ஜெயந்தினியின் புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது. இராக்கம்மா காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

“அண்ணே,” என்றாள் ஜெயந்தினி, தொண்டைக்குள்ளிருந்து. “சக்கரத்துப் பெயரிங் காஞ்சு கெடக்கு. கிரீஸ் போட்டு எவ்வளவு நாளாச்சு?”

“போன மாசந்தான் போட்டேன்மா” என்றான் ஜீவன் அழுதுகொண்டே.

“பொய் சொல்லாத” என்றாள் அவள், கொஞ்சம் பலமாக. “சத்தத்துலயே தெரியுது. எருமமாடே, ஒரு சாமானக் குடுத்தா பாத்துக்கத் தெரியாதா ஒனக்கு?”

“திட்டுறாடா!” என்று மலையே கேட்கக் கூவினாள் இராக்கம்மா. “எம் மக திட்டுறா! தள்ளுங்கடா, தள்ளுங்க!”

பஸ் ரோட்டில் வேனுக்கு மாற்றிய பிறகும், ஜெயந்தினி பசறை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். பிறந்தது பெண்பிள்ளை. வாசலில் மழையில் நின்ற ஜீவன், தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகு, நேரே கடைக்குப் போய் கிரீஸ் வாங்கினான்.